கடற்கோள் எச்சரிக்கையின் மூன்று சாட்சிகள்

கடலைக் கண்ணாற் காணாது வாழும் மலைநாட்டவர்க்குக் கடற்கோளைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திற்கு 6,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்பது. ஹற்றன் 4,000 அடிக்கு மேற்பட்டது. எத்துணைப் பெரிய அலை எழுந்தாலும் அங்குள்ள ஒரு தேயிலைச் செடியின் தூரையும் அது தொடமாட்டாது.

ஆயினும் இவ்விடயம் மலைநாட்டிற்கும் உரியதே. தோட்டத்து லயங்களிலே பிறந்து வளர்ந்த இளைஞரும் யுவதிகளும் கொழும்பின் கடைகளிலும் கரையோர நகரங்களின் தொழிலகங்களிலும் ஆயிரக்கணக்கில் உழைத்து வருகின்றனர். கடல் பொங்கும் என்ற செய்தி பரவினால், ஹற்றனிலும் தலவாக்கலையிலும் உள்ள தாய் தந்தையரின் நெஞ்சே முதலிற் பதறும். இரண்டாவது, கடலடியிலே நிகழும் நடுக்கத்தைச் செவிமடுக்கும் நிலையங்களுள் முக்கியமான ஒன்று மலைநாட்டிலேதான் இருக்கிறது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் அமைந்துள்ள நிலநடுக்கப் பதிவு நிலையம் உலகளாவிய பதிவு வலையமைப்பைச் சேர்ந்தது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் அதனைப் பேணி வருகிறது. மூன்றாவது காரணம் யாவற்றினும் முக்கியமானது. ஓர் எச்சரிக்கையை எவ்வளவு நம்புவது, எப்போது எழுந்து ஓடுவது என்ற கேள்வி, மழைக்காலந்தோறும் மண்சரிவை அஞ்சி வாழும் மலைநாட்டு மக்களுக்குப் புதியதன்று.

இக்கேள்வியைத் தெளிவாக ஆராய்வதற்கு 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் தேதி நல்லதோர் உதாரணமாக அமைகிறது. அன்று பிற்பகல் இலங்கை நேரப்படி 2 மணி 8 நிமிடத்திற்குச் சுமாத்திராவின் மேற்கே இந்து சமுத்திரத்தின் அடியில் ஒரு பெரும் நடுக்கம் உண்டாயிற்று. அதன் அளவு 8.6. முதற் கணிப்புகளில் அது இன்னும் பெரிதாக, 8.9 என்றுகூட அறிவிக்கப்பட்டது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பலர் நில அதிர்வை நேரிலே உணர்ந்தனர். 2004ஆம் ஆண்டின் கொடுமை கண்முன் தோன்றிற்று. கரையோர மக்களை உள்நாட்டுக்குச் செல்லுமாறு அரசு பணித்தது. குழந்தைகளை இடுப்பிலும் முதியோரைத் தோளிலுமாகச் சுமந்துகொண்டு மக்கள் மேட்டு நிலம் நோக்கி ஓடினர். மாலை வரை காத்திருந்தனர். பேரலை வரவில்லை. இலங்கைக் கரையில் அலைமானிகள் மட்டுமே உணரத்தக்க சிறு ஏற்ற இறக்கம் காணப்பட்டது. அன்று மாலை எச்சரிக்கை விலக்கப்பட்டது.

அவ்வாறாயின் அன்றைய எச்சரிக்கை பொய்யா? 8.6 அளவான நடுக்கம் ஏன் கடலைப் பொங்கச் செய்யவில்லை? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணவேண்டுமானால், கடற்கோள் எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நீர் நிறைந்த ஒரு தொட்டியின் அடியிலே உள்ளங்கையை விரித்து வைத்து, அதனைச் சட்டென மேலே உயர்த்தினால் நீர் முழுவதும் எழும்பி விளிம்பில் மோதும். அதே கையை அடித்தளத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் நீர் சிறிது கலங்குமேயன்றி எழும்பாது. கடலின் அடியிலும் இதுவே நிகழ்கிறது. நிலவோட்டின் ஒரு பாளம் மற்றொன்றின் அடியிலே புதைந்து செல்லும் இடத்தில், நெடுங்காலம் இறுகிக் கிடந்த பிடி விடுபடும்போது கடற்றரை மேலெழுகிறது. அதன்மேல் நிற்கும் பல கிலோமீற்றர் ஆழமான நீர்த்தூணும் உடன் எழுகிறது. இதனை மேலுந்தல் எனலாம். இரு பாளங்கள் ஒன்றையொன்று உராய்ந்து, ஒன்று இப்புறமும் மற்றது அப்புறமும் கிடையாக நகருமாயின் அது பக்கவாட்டு நழுவல். இங்கே நிலம் நெடுந்தூரம் இடம்பெயரலாம். நீரோ பெரும்பாலும் தன் மட்டத்திலேயே நிற்கும்.

2004 டிசெம்பர் 26ஆந் தேதி நிகழ்ந்தது மேலுந்தல். 9.1 அளவான அந்நடுக்கத்தில் 1,200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில் பிளவு ஓடிற்று. கடற்றரை சில மீற்றர் உயர்ந்தது. ஆழ்கடலிலே அலை மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர் வேகத்தில் விரைந்து, சுமார் இரண்டு மணி நேரத்தில் இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் இந்நாட்டில் மட்டும் பலியாயின. காலியை நோக்கிச் சென்ற புகையிரதம் பெரேலியாவில் அலைவாய்ப்பட்டது. மலைநாட்டின் பல்லேகலையை நடுக்கத்தின் முதல் அதிர்வு நான்கு நிமிடங்களுக்குள் எட்டியிருந்தது. அந்தச் செய்திக்கும் கரையில் நின்ற மனிதனுக்கும் இடையே அன்று பாலம் ஒன்றும் இருக்கவில்லை.

2012இல் நிகழ்ந்ததோ பக்கவாட்டு நழுவல். அது பாளங்கள் சந்திக்கும் எல்லையிலும் நிகழவில்லை. எல்லைக்கு அப்பால், வார்ட்டன் படுகை எனப்படும் கடற்பரப்பின் அடியிலே, ஏறக்குறையச் செங்குத்தாக ஒன்றையொன்று வெட்டும் பல பிளவுகள் அடுத்தடுத்து நழுவின. கருவிகளாற் பதிவுசெய்யப்பட்ட பக்கவாட்டு நழுவல்களில் இதனினும் பெரியது இல்லை. நிலம் கிடையாக நகர்ந்த தொலைவு சில இடங்களில் 20 மீற்றரைக் கடந்தது. எனினும் கடற்றரை உயர்ந்தது சொற்பமே.

இவ்வேறுபாட்டை எச்சரிக்கை விடுப்போர் எப்போது, எவ்வாறு அறிகின்றனர்? அவர்கள் முன்னே மூன்று சாட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன என்று கொள்ளலாம்.

முதற் சாட்சி நடுக்கத்தின் அளவும் இடமும். இது விரைந்து வருவது. பதிவு நிலையங்களுக்கு முதல் அதிர்வு எட்டியதும் கணக்கீடு தொடங்கிவிடுகிறது. ஹைதராபாத்தில் 2007 ஒக்டோபரில் நிறுவப்பட்ட இந்தியக் கடற்கோள் எச்சரிக்கை நிலையம் 2012இல் பத்து நிமிடங்களுக்குள்ளேயே தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. இந்து சமுத்திர நாடுகளுக்கான பொறுப்பை இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் 2011 ஒக்டோபரிலிருந்து ஏற்றிருந்தன. ஆகவே 2004இல் இல்லாத பாலம் இப்போது இருந்தது.

முதற் சாட்சியின் சிறப்பு வேகம். அதன் குறை யாதெனில், நிலம் எவ்வளவு வலுவாக அசைந்தது என்பதைக் கூறுமேயன்றி எத்திசையில் அசைந்தது என்பதைக் கூறாது. அளவைக் கூறுவதிலும் சிலவேளை தவறும். 2004இல் ஹவாயிலுள்ள பசிபிக் நிலையம் கால் மணி நேரத்தில் கணித்த அளவு 8.0 மட்டுமே. 2006 ஜூலை 17ஆந் தேதி ஜாவாவின் தென்கரைக்கு அப்பால் 7.7 அளவான நடுக்கம் நிகழ்ந்தபோது, கரையில் இருந்தோர் பெரிய அதிர்வை உணரவில்லை. பின்னால் வந்த அலையோ 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. இதற்கு மாறாக, 2005 மார்ச் 28ஆந் தேதி நியாஸ் தீவருகே நிகழ்ந்தது 8.6 அளவான மேலுந்தல். அன்றிரவு இலங்கைக் கரை மக்கள் மீண்டும் ஓடினர். உயர்ந்த நிலத்தின் பெரும்பகுதி தீவுகளின் அடியிலும் ஆழமற்ற கடலின் அடியிலும் இருந்தமையால் பேரலை எழவில்லை. அளவு ஒன்றையே நம்பினால் எத்துணை இடர் என்பதற்கு இவையே சான்று.

இரண்டாஞ் சாட்சி அசைவின் திசை. நடுக்கத்திலிருந்து பல்வேறு வகை அதிர்வலைகள் புறப்படுகின்றன. அவற்றுள் மிக மெதுவாக ஏறி இறங்கும் நெடிய அலைப்பகுதி ஒன்று உண்டு. கனமோரி, ரிவேரா என்னும் இரு அறிஞர்கள் 2008இல் அதனைக் கொண்டு நடுக்கத்தின் உண்மை அளவையும் பிளவு நழுவிய விதத்தையும் ஒருசேரக் கணிக்கும் வழியை வெளியிட்டனர். பல திசைகளிலுள்ள நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துக் கணித்தால், ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடங்களில் அது மேலுந்தலா பக்கவாட்டு நழுவலா என்பது புலனாகிவிடும். 2012இல் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே இது தெரியக்கூடியதாக இருந்தது. இலங்கைக் கரைக்கு அலை வர நான்கு மணி ஆகும். இடையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் இருந்தது.

அப்படியாயின் பக்கவாட்டு நழுவல் என்று தெரிந்தவுடனே எச்சரிக்கையை விலக்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் மிகுந்த அவதானம் வேண்டும். 2018 செப்டெம்பர் 28ஆந் தேதி இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பாலு நகரை உலுக்கிய 7.5 அளவான நடுக்கமும் பக்கவாட்டு நழுவலே. ஆயினும் ஒடுங்கிய பாலு விரிகுடாவில் சில நிமிடங்களுக்குள் அலைகள் எழுந்து கரையை வாரிச் சென்றன. அதிர்வு, அலை, நிலச்சரிவு, நிலம் சேறாக இளகியமை ஆகிய யாவும் சேர்ந்து 4,000க்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தன. காரணம் என்ன? அதிர்வினால் கரையோரத்திலும் கடலடியிலும் இருந்த மண் சரிந்து நீருக்குள் வீழ்ந்தது. சாய்வான கடற்றரை பக்கவாட்டில் நகரும்போது அதுவும் ஒரு சுவர்போல நீரைத் தள்ளக்கூடும். மேட்டு நிலத்தின் மண் நனைந்து இளகினால் என்ன நேரும் என்பதை மலைநாட்டவருக்கு விளக்க வேண்டுவதில்லை. கடலின் அடியிலும் அத்தகைய சரிவுகள் உண்டு என்பதே இதிலுள்ள செய்தி.

ஆதலால் இரண்டாஞ் சாட்சி அபாயத்தின் நிகழ்தகவைக் குறைத்துக் காட்டுமேயன்றி, அபாயம் இல்லை என்று உறுதி கூறாது.

மூன்றாஞ் சாட்சி கடலே. ஆழ்கடலின் அடியிலே வைக்கப்பட்ட அமுக்கமானிகள், தம்மேல் நிற்கும் நீரின் பாரத்தில் உண்டாகும் மிகச்சிறு மாற்றத்தையும் அளக்கின்றன. நடுக்கடலில் ஒரு கடற்கோள் அலை சில சென்றிமீற்றர் உயரமே இருப்பினும் அவற்றிற்குத் தப்பாது. அளவீடு மேலே மிதக்கும் மிதவைக்கும், அங்கிருந்து செய்மதி வழியாகக் கரைக்கும் செல்கிறது. துறைமுகங்களிலுள்ள அலைமானிகளும் இவ்வாறே செய்தி அனுப்புகின்றன. ஊகத்திற்கு இடமின்றி அலை உண்டா இல்லையா என்று சொல்ல வல்லது இச்சாட்சி ஒன்றே.

இதற்கும் குறைகள் உண்டு. அலை மிதவையை வந்தடையும் வரை காத்திருத்தல் வேண்டும். மிதவைகள் கடும் புயலாலும் மீன்பிடிப் படகுகளாலும் சேதமுற்று அடிக்கடி செயலிழக்கின்றன. அவற்றைப் பேணுவதற்குக் கப்பலும் பெரும் பொருளும் தேவை. பாலு விரிகுடாவின் அலையைப் பற்றிய அளவீடு எச்சரிக்கை விடுப்போருக்கு உரிய நேரத்தில் கிட்டவில்லை. 200 கிலோமீற்றருக்கு அப்பால் மாமுஜுவிலிருந்த மானி சில சென்றிமீற்றர் உயர்வையே காட்டியது. சாட்சி பொய் சொல்லவில்லை. சம்பவ இடத்தில் அது இருக்கவில்லை.

இனி இம்முறைகளை எவ்வாறு மதிப்பிடுவது? ஓர் எச்சரிக்கை முறையை ஒரு நாள் நிகழ்ச்சியைக் கொண்டு எடைபோடலாகாது. நான்கு நிலைகளையும் பார்த்தல் வேண்டும். எச்சரித்து அலை வந்த நாள், எச்சரித்து அலை வராத நாள், எச்சரிக்காமல் அலை வந்த நாள், எச்சரிக்காமல் அலையும் வராத நாள். இவற்றுள் மூன்றாவது நிலைக்கு விலை உயிர். 2004இல் இந்நாடு அதனைச் செலுத்தியது. இரண்டாவது நிலைக்கு விலை ஒரு நாட் கூலி, நெரிசலில் நேரும் காயம், அதனினும் மேலாக அடுத்த எச்சரிக்கையின்மேல் உள்ள நம்பிக்கை. நம்பிக்கை தேய்ந்தால் இரண்டாவது நிலையே ஒருநாள் மூன்றாவது நிலையாக மாறிவிடும். எச்சரிக்கை ஒலித்தும் ஒருவரும் எழமாட்டார்.

இந்த அளவுகோலால் 2012ஐ அளந்தால், பிற்பகல் இரண்டேகால் மணிக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை முற்றிலும் சரியானதே. அந்த நேரத்தில் முதற் சாட்சி மட்டுமே வந்திருந்தது. 8 அளவுக்கு மேற்பட்ட ஒரு நடுக்கத்தின்முன் வேறு முடிவு எடுத்தல் தகாது. கேட்கவேண்டிய கேள்வி பிற்பகல் மூன்று மணியைப் பற்றியது. இரண்டாஞ் சாட்சி வந்தபின், “பேரலைக்கான வாய்ப்பு குறைந்துள்ளது, கடல்மானிகளின் செய்திக்காகக் காத்திருக்கிறோம், திரும்பிச் செல்லாதீர்கள்” என்ற செய்தி மேட்டு நிலத்தில் நின்ற தாயின் செவிக்கு எட்டியதா என்பதே கேள்வி. அன்று மாலை 4 மணி 13 நிமிடத்திற்கு, அதாவது முதல் அலை வரவேண்டிய வேளையில், 8.2 அளவான மற்றொரு நடுக்கம் நிகழ்ந்ததையும் மறத்தலாகாது. அதுவும் பக்கவாட்டு நழுவலே. மூன்று மணிக்கே மக்களை வீடு திரும்ப விட்டிருந்தால், கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டிய அந்த வேளையில் அவர்கள் கரையிலே நின்றிருப்பர்.

இலங்கையின் நிலை இதிலே சிறப்பானது. சுமாத்திராவின் கரையில் வாழ்பவனுக்கு மூன்று சாட்சிகளையும் விசாரிக்க நேரமில்லை. நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தால் அதுவே அவனுக்கு எச்சரிக்கை. உடனே ஓடவேண்டும். இலங்கைக்குக் கடல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தவணை தருகிறது. மூன்று சாட்சிகளும் வரிசையாக வந்து பேசுவதற்கு அது போதுமான காலம். ஆகவே இங்கே ஒரு முறையை மதிப்பிடும்போது, முதல் அறிக்கை எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதோடு, அடுத்தடுத்த அறிவு எத்தனை நிமிடத்தில் மக்களுக்கு விளங்கும் மொழியிலே சென்றது என்பதையும் அளத்தல் வேண்டும். ஹைதராபாத் நிலையம் 2012இல் எல்லாக் கரைக்கும் ஒரே படியான அறிக்கை விடவில்லை. நிக்கோபார்த் தீவுகளின் சில பகுதிகளுக்குக் கடும் எச்சரிக்கையும் ஏனைய பகுதிகளுக்கு அதனிற் குறைந்த படியும் அறிவித்தது. படிமுறை என்பது நடைமுறைக்கு ஏற்றதே என்பதற்கு இது சான்று. 2024 டிசெம்பர் 5ஆந் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் 7.0 அளவான பக்கவாட்டு நழுவல் நிகழ்ந்தபோதும் எச்சரிக்கை விடுக்கப்பட்டு, ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் விலக்கப்பட்டது. செல்வம் மிக்க நாடும் முதலில் எச்சரித்துப் பின்னரே ஆராய்கிறது.

மலைநாட்டுத் தோட்டங்களிலே முற்காலத்தில் தப்பொலியே செய்தி கொண்டுவந்தது. விடியற்காலையில் பிரட்டுக்களத்திற்கு அழைக்கும் அடி வேறு, திருவிழாவிற்கு உரிய அடி வேறு, சாவு வீட்டின் அடி வேறு. ஒலியைக் கேட்டவுடனேயே என்ன செய்யவேண்டும் என்பது லயத்திலுள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும். எல்லாவற்றிற்கும் ஒரே அடி அடித்திருந்தால் எவரும் தலையைத் திருப்பியிரார். எச்சரிக்கைக்கும் இத்தகைய வேறுபட்ட அடிகள் வேண்டும்.

மண்சரிவு விடயத்தில் அத்தகைய படிமுறை இந்நாட்டில் வழக்கத்தில் உள்ளது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம். 100 மில்லிமீற்றரைக் கடந்தால் ஆயத்தம். 150 மில்லிமீற்றரைக் கடந்தாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறுதல். இங்கே மழையின் அளவே முதற் சாட்சி. நிலத்திலும் சுவரிலும் தோன்றும் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று, இவை இரண்டாஞ் சாட்சி. மூன்றாஞ் சாட்சியாகிய சரிவு பேசத் தொடங்கிவிட்டால் ஓடுவதற்கு நேரமிராது. கடற்கோள் தரும் இரண்டு மணி நேரத் தவணையை மலை தருவதில்லை. ஆதலால் மலைநாட்டில் முதலிரண்டு சாட்சிகளோடே முடிவெடுத்தல் வேண்டும். ஒருமுறை வெளியேறிய பின் மலை சரியவில்லை என்றால் அதனை ஏமாற்றம் என்று கருதலாகாது.

இன்னொன்றும் உண்டு. பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் குடியிருக்கத் தக்கதன்று என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. அறிவு குறைவுபடவில்லை. எழுந்து செல்வதற்கு வேறோர் இடமும் வேறொரு கூரையும் அம்மக்களுக்கு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையிலும் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் சரிந்து பெருந்துயர் விளைந்தது. செல்லுமிடத்தைக் காட்டாத எச்சரிக்கை அரை எச்சரிக்கையே. கரையோர மக்களுக்கு மேட்டு நிலமும் அதற்குரிய வழியும் குறித்துக் காட்டப்பட்டிருத்தல் எவ்வளவு அவசியமோ, மலைநாட்டவர்க்கு உறுதியான நிலத்தில் வீடு அமைந்திருத்தலும் அவ்வளவு அவசியமாகும்.

முடிவாக, கரையோரத்தில் உழைக்கும் பிள்ளைக்கு மலைநாட்டுப் பெற்றோர் சொல்லியனுப்பவேண்டியது மிக எளிது. நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், அதிகாரிகள் வெளியேறச் சொன்னாலும், முதலில் மேட்டுக்கு ஏறவேண்டும். அது எவ்வகை நடுக்கம் என்ற ஆராய்ச்சியை விஞ்ஞானிகளிடம் விட்டுவிடவேண்டும். அவர்கள் திரும்பலாம் என்று சொல்லும்வரை அங்கேயே இருக்கவேண்டும். அலை வராவிட்டால் இழந்தது ஒரு பிற்பகல் மட்டுமே. 2012இல் மேட்டு நிலத்தில் காத்திருந்து, மாலையில் வீடு திரும்பி, மூட்டிய அடுப்பில் இரவுச் சோறு சமைத்த குடும்பங்கள் அந்த விலையைத்தான் கொடுத்தன. 2004இல் அவ்வாறு காத்திருக்கும் வாய்ப்பு ஒருவருக்கும் கிட்டவில்லை.